லத்தீன் தாளில் மதிப்பெண் எங்கே கசிகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கோடை விடுமுறைக்குக் காரைக்குடி வந்திருந்த என் தங்கை பேத்தி ஒரு நாள் காலை பட்டாலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். லண்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளை, அடுத்த ஆண்டு அங்கே பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலில் லத்தீன் எழுத வேண்டும். பள்ளியில் திருத்திக் கொடுத்த தாள் முழுக்கச் சிவப்பு மை. "பெரியாயா, எனக்கு லத்தீன் வரவே வராது" என்றாள். தாளை வாங்கிப் பார்த்தேன். நாற்பது தவறு போலத் தெரிந்தவை உண்மையில் ஆறே தவறுகள், ஒவ்வொன்றும் ஏழெட்டு முறை வந்திருந்தது. அதிலும் பாதி, அவள் தமிழில் யோசித்திருந்தால் வந்தே இருக்காது.

நான் இங்கிலாந்தில் இருந்த காலத்தில் லத்தீன் கற்று, அங்கேயே பள்ளியில் பல ஆண்டு கற்றுக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவள். அந்த ஒரு மாதம் அவளோடு உட்கார்ந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு லத்தீன் படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் இது பயன்படும்.

அவள் எழுதப்போவது ஓசிஆர் என்ற தேர்வு வாரியத்தின் இரண்டாம் தாள். 1 மணி 15 நிமிடம், 50 மதிப்பெண். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்: ஓர் ஆங்கிலப் பத்தியை லத்தீன் உரைநடையாக எழுதுவது (இதைத்தான் கீழே ஆக்கம் என்கிறேன்), அல்லது முன்பின் பார்த்திராத லத்தீன் பத்தியைப் படித்துக் கேள்விகளுக்கு விடை எழுதுவது. எதைத் தேர்ந்தாலும் இரண்டுக்கும் பயிற்சி எடுங்கள். எழுதிப் பழகிய பிள்ளைதான் படிக்கும்போது வாக்கியத்தின் எலும்பைக் காண்கிறது.

கடைசியாகத் திருத்தி வந்த மூன்று தாள்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். தவறுகளை எண்ண வேண்டாம், வகை பிரியுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் பேரேடு வைத்தது போல ஒரு நோட்டு போட்டு, வகைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்தப் பக்கம் சீக்கிரம் நிறைகிறதோ அதற்குரிய பகுதியைக் கீழே முதலில் படியுங்கள், வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. லத்தீன் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் நோட்டில் லத்தீன் எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

"சொல்லெல்லாம் தெரியும், வாக்கியம் மட்டும் புரியவில்லை"

இது பெரும்பாலும் ஆங்கில வழியாகப் படிப்பதால் வருவது. ஆங்கிலத்தில் எழுவாய்க்கு அடுத்து வினை வந்துவிட வேண்டும். அதனால் பிள்ளைகள் வாக்கியத்தின் கடைசிக்கு ஓடி வினையைப் பிடித்து, திரும்பி வந்து எழுவாயைத் தேடி, நடுவில் எல்லாவற்றையும் சிதறடிக்கிறார்கள். நமக்கு அந்த ஓட்டம் தேவையே இல்லை. இதைப் பாருங்கள்: 'மெர்காத்தோர் ஃபீலியும் இன் உர்பெம் மீசித்.' வணிகன், மகனை, நகருக்குள், அனுப்பினான். சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசை. 'மீசித்' என்பதன் முடிவிலேயே 'ஆன்' இருக்கிறது. 'மீசீ' என்றால் அனுப்பினேன், 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் இடமிருந்து வலமாக, வேற்றுமை உருபைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே படியுங்கள். 'ஃபீலியும்' வந்ததும் "மகனை" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மகனை என்ன செய்தான் என்ற கேள்விக்கு வாக்கியமே பதில் சொல்லும். லத்தீன் எப்போதும் வினையைக் கடைசியில் வைக்கும் என்று எண்ண வேண்டாம். அழுத்தம் வேண்டினால் முன்னால் கொண்டுவரும். தமிழிலும் "வந்தான் பார் அவன்" என்று சொல்கிறோமே, அப்படித்தான்.

"'அவன்' வந்தாலே தப்பாகிறது"

பேத்தியின் நோட்டில் முதலில் நிறைந்த பக்கம் இது. ஆங்கிலத்தில் ஒருவன் தன் மகனைக் காப்பாற்றினாலும் பக்கத்து வீட்டுக்காரன் மகனைக் காப்பாற்றினாலும் ஒரே சொல்தான். லத்தீன் இரண்டையும் பிரிக்கிறது. தன் மகன் என்றால் 'சூவும்', வேறொருவன் மகன் என்றால் 'எயுஸ்'. ஆங்கிலத்தில் யோசிக்கும் பிள்ளைக்கு இது பெரிய வேதனை. தமிழ்ப் பிள்ளைக்கோ இது பிறவியிலேயே கிடைத்த வேறுபாடு: தன், அவன். 'சே' என்றால் தன்னை, 'எயும்' என்றால் அவனை.

ஆனால் பேச்சில் நாம் 'தான்' என்பதை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருக்கிறோம். "அவன் அவனோட பையனைக் கூட்டிட்டு வந்தான்" என்கிறோம். என் பேத்தியும் அப்படித்தான் பேசுவாள். அதனால் அவளுக்கு ஒரு வாரம் வேறு பாடமே வைக்கவில்லை. அடுத்த வீட்டு ஆச்சி பேசுவதைக் கேட்டு, எங்கெல்லாம் 'தனக்கு', 'தன்னை', 'தான்' வருகிறதோ அதை எழுதிவரச் சொன்னேன். "தனக்கு உடம்பு முடியலைன்னு சொல்லிவிட்டான்" என்ற ஒரு வாக்கியத்திலேயே லத்தீன் விதி முழுவதும் இருக்கிறது. பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது, சொன்னவனையே குறிப்பது 'சே', மற்றவரைக் குறிப்பது 'எயும்'. "தான் வருவதாகச் சொன்னான்", "அவன் வருவதாகச் சொன்னான்": இந்த இரண்டுக்கும் பொருள் வேறு என்று உங்கள் காது சொன்னால் இந்தப் பகுதி முடிந்தது.

தன் மகன், தன் வீடு என்பது சூழலிலேயே தெளிவாக இருந்தால் லத்தீன் 'சூவுஸ்' வகைச் சொல்லை விட்டுவிடும். "மகனை அழைத்து வந்தான்" என்று நாம் சொன்னாலே போதுவது போல.

"'என்று சொன்னான்' வாக்கியத்தில் காலம் தப்புகிறது"

ஆங்கிலம் இங்கே ஒரு வேலை செய்கிறது. "உடம்பு சரியில்லை" என்று ஒருவன் நேற்றுச் சொன்னால், அதை எடுத்துச் சொல்லும்போது ஆங்கிலம் உள்ளே இருக்கும் வினையையும் இறந்தகாலமாக மாற்றிவிடும். அதைப் பார்த்த பிள்ளை லத்தீனிலும் இறந்தகால இன்ஃபினிட்டிவ் (யார், எத்தனை பேர் என்று காட்டாத வினை வடிவம்) போடுகிறது. தவறு அங்கேதான் பிறக்கிறது. தமிழ் உள்வினையை மாற்றுவதில்லை. "உடம்பு சரியில்லை என்று சொன்னான்" என்றே நிற்கும். லத்தீனும் அப்படியே: 'தீக்சித் சே ஐக்ரும் எஸ்ஸே', நிகழ்கால இன்ஃபினிட்டிவ்.

செய்ய வேண்டியது இது. ஆங்கில வாக்கியத்தை முதலில் தமிழாக்கி ஓரத்தில் எழுதுங்கள். "வணிகன் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னான்" என்று வந்தால் 'வெனீரே'. "வந்துவிட்டதாக" என்றால் 'வேனிஸ்ஸே'. "வரப்போவதாக" என்றால் 'வெந்தூரும் எஸ்ஸே'. "வருவதாக" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சொல் இரண்டு பக்கமும் போகும், வந்துகொண்டிருப்பதா வரப்போவதா என்று விரித்துப் பாருங்கள். வாக்குக் கொடுத்தான், நடக்கும் என்று எதிர்பார்த்தான், மிரட்டினான் போன்ற வினைகளுக்குப் பின் எதிர்கால இன்ஃபினிட்டிவ்தான் வரும், கூடவே 'சே' வேண்டும்: 'ப்ரோமீசித் சே வெந்தூரும் எஸ்ஸே'.

ஒரு இடத்தில் மட்டும் தமிழ் கைகொடுக்காது. "வரவில்லை என்று சொன்னான்" என்பதை 'தீக்சித்' போட்டு, பின்னால் 'நோன்' சேர்த்து எழுதினால் லத்தீன் வாசகருக்கு இடறும். மறுத்துச் சொல்வதற்கு அவர்களிடம் தனிவினை உண்டு, 'நெகாவித்'. எதிர்மறையை வினைக்குள்ளேயே வைத்துவிடுவார்கள்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது. 'மே ஈரே யுஸ்ஸித்.' என்னை, போக, சொன்னான். "என்னைப் போகச் சொன்னான்" என்று நாம் நாள் முழுக்கப் பேசும் வாக்கியத்தை ரோமர் அப்படியே பேசியிருக்கிறார்கள். போக வேண்டாம் என்று சொன்னால் 'வெதுயித்'. இதுவும் 'நெகாவித்' போல எதிர்மறையைத் தனக்குள் வைத்திருக்கும் வினை.

"பிடித்து, கேட்டு, வந்து: எச்சம் எல்லாமே தவறாகிறது"

இது நேர் எதிரான நோய், தமிழே நம்மை ஏமாற்றுகிற இடம். "நகரைப் பிடித்து", "சேதி கேட்டு", "ஊருக்கு வந்து" என்று நம் வினையெச்சம் எல்லா வினையிலும் தாராளமாக வரும், செய்பவனையே சார்ந்து நிற்கும். லத்தீனில் சாதாரண வினைக்கு அப்படி ஒரு வடிவம் கிடையாது. 'கப்துஸ்' என்றால் பிடித்து அல்ல, பிடிக்கப்பட்ட. பேத்தி தளபதியையே 'கப்துஸ்' ஆக்கி எழுதியிருந்தாள். பகைவர் நகரைப் பிடிக்கப் போனவன் தானே பிடிபட்டுவிட்டான்.

எச்சத்தைக் கண்டதும் மூன்று கேள்வி கேளுங்கள்.

அந்த வினை டெப்போனென்ட் வகையா, அதாவது வடிவில் செயப்பாட்டுவினை, பொருளில் செய்வினையா? அப்படியென்றால் கவலையில்லை, தமிழ் எச்சம் போலவே எழுதலாம். 'ப்ரொஃபெக்துஸ்' புறப்பட்டு, 'லொகூத்துஸ்' பேசி, 'செகூத்துஸ்' பின்தொடர்ந்து, 'ஹொர்தாத்துஸ்' ஊக்கப்படுத்தி, 'இங்க்ரெஸ்ஸுஸ்' நுழைந்து. இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்தால் எந்த ஆக்கத் தாளிலும் ஒன்றாவது பயன்படும்.

இல்லையென்றால், எச்சத்தின் செயப்படுபொருள் தலைமை வாக்கியத்திலும் வருகிறதா? "நகரைப் பிடித்து எரித்தான்" என்பதில் எரிந்ததும் அந்த நகரம்தான். அப்போது பார்ட்டிசிப்பிளை ('பிடிக்கப்பட்ட' போலப் பெயரைத் தழுவும் வடிவம்) அதனோடே சேர்த்துவிடுங்கள்: 'உர்பெம் கப்தம் இன்கெந்தித்', பிடிக்கப்பட்ட நகரை எரித்தான். இங்கே அப்லேட்டிவ் அப்சொல்யூட் (தலைமை வாக்கியத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் தொடர்) போடுவது பிழை. "நகரைப் பிடித்து ரோமுக்குத் திரும்பினான்" என்றால் நகரத்துக்குத் தலைமை வாக்கியத்தில் வேலை இல்லை. அப்போதுதான் 'உர்பெ கப்தா'.

"வந்து", "விழுந்து" போன்ற, செயப்படுபொருளே இல்லாத வினையா? 'கும்' போட்டு சப்ஜங்க்டிவ்வில் (இத்தகைய துணைவாக்கியங்களில் வரும் தனி வினை வடிவம்) எழுதுங்கள்: 'கும் வேனிஸ்ஸெத்', வந்தபோது.

"'உத்' எழுதினாலும் தவறு, எழுதாவிட்டாலும் தவறு"

"அரசனைப் பார்க்க வந்தான்." தமிழிலும் ஆங்கிலத்திலும் 'பார்க்க' என்ற வடிவம் நோக்கத்தைச் சொல்லிவிடும், லத்தீன் உரைநடையில் சொல்லாது. 'பார்க்க' என்று வந்ததும் அதை 'பார்ப்பதற்காக' என்று நீட்டுங்கள். நீட்ட முடிந்தால் 'உத்' வேண்டும்: 'வேனித் உத் ரேகெம் விதேரெத்'. "போகச் சொன்னான்" என்பதைப் 'போவதற்காகச் சொன்னான்' என்று நீட்ட முடியாது, ஆகவே அது வேறு வகை.

உள்ளே வரும் சப்ஜங்க்டிவ்வின் காலத்தைத் தலைமை வினை முடிவுசெய்யும். வருகிறான் என்றால் 'விதெயத்', வந்தான் என்றால் 'விதேரெத்'.

அப்புறம் 'படி'. "யாரும் பார்க்காதபடி கதவை மூடினான்." "யாரும் பார்க்க முடியாதபடி அவ்வளவு இருட்டாக இருந்தது." இரண்டிலும் 'படி'தான். முதலாவது நோக்கம், மூடியவன் மனதில் இருந்தது. அதற்கு 'நே க்விஸ்'. இரண்டாவது விளைவு, யார் மனதிலும் இருந்ததல்ல. அதற்கு 'உத் நேமோ'. 'அவ்வளவு', 'அப்படி', 'அத்தனை' என்று ஏதாவது முன்னால் வந்தாலோ, வந்திருக்கலாம் என்று தோன்றினாலோ, விளைவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"வேற்றுமையில் மட்டும் விடாமல் அடிவாங்குகிறேன்"

தமிழில் விளியோடு எட்டு வேற்றுமை. லத்தீனின் அப்லேட்டிவ் நம்முடைய மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளைச் சுமக்கிறது: ஆல், இலிருந்து, இல். மூன்று கடை ஒரே வாசலில் நடப்பது போல என்று பேத்தியிடம் சொன்னேன். அதனால் அப்லேட்டிவ்வைக் கண்டால் ஆல், இலிருந்து, இல் என்று மூன்றையும் போட்டுப் பாருங்கள். ஒன்று பொருந்தும்.

நான் முதன்முதலில் எழுதிய ஆக்கத்தில் வாளை மனிதனாக்கிவிட்டேன். "வணிகனால்", "வாளால்" என்று நமக்கு இரண்டிலும் 'ஆல்' வருகிறது. லத்தீனில் ஆளுக்கு முன்னிடைச்சொல் வேண்டும், 'ஆ மெர்காத்தோரே'. கருவிக்கு வேண்டாம், வெறும் 'க்லதியோ'. உயிருள்ளதா கருவியா என்று கேட்காமல் 'ஆல்' எழுதக் கூடாது என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

நான்காம் வேற்றுமையில் பாதி நமக்கு இலவசம். 'மிஹி ப்லகெத்', எனக்குப் பிடிக்கிறது. 'மிஹி துவோ ஃபீலியீ சுந்த்', எனக்கு இரண்டு மகன்கள். கட்டளையிடுவதும் தீங்கு செய்வதும் நமக்கும் 'கு' தான். மாறுவது நம்புவது, மன்னிப்பது, இணங்கவைப்பது, உயிரோடு விட்டுவைப்பது. தமிழில் இவை 'ஐ' ஏற்கும். லத்தீனில் 'க்ரேதோ', 'இக்னோஸ்கோ', 'பெர்சுவாதெயோ', 'பர்கோ' நான்குமே 'கு' கேட்கும். 'ஊத்தோர்' (பயன்படுத்து), 'பொத்தியோர்' (கைப்பற்று) போன்றவை அப்லேட்டிவ் கேட்கும். இவற்றுக்குக் காரணம் தேட நேரமில்லை, மனப்பாடம்தான்.

"சொற்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன"

குறில், நெடில் சேர்த்துப் படியுங்கள். 'லிபெர்' புத்தகம், 'லீபெர்' சுதந்திரமானவன். 'வெனித்' வருகிறான், 'வேனித்' வந்தான். தேர்வுத் தாளில் நெடிலைக் காட்டும் குறியீடு இருக்காது, சூழல்தான் சொல்ல வேண்டும். ஆனால் காதில் இரண்டும் வேறாகப் பதிந்திருந்தால் கண் ஏமாறாது. வினைகளை நான்கு முதன்மை வடிவங்களோடு சத்தமாகச் சொல்லிப் படிக்க வேண்டும், இதற்குக் குறுக்குவழி கிடையாது.

"இலக்கணம் சரி, ஆனாலும் மதிப்பெண் ஏறவில்லை"

இந்தப் பிள்ளைகள் ஆங்கிலப் பத்தியின் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாக மாற்றிவைக்கிறார்கள். விதி எதுவும் மீறப்படவில்லை, ஆனால் ஓட்டம் இல்லை. ரோமர் முந்தின வாக்கியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்ததைத் தொடங்குவார்கள். "இதைக் கேட்டதும்..." என்று நாம் தொடங்குவோமே, அதுவே 'க்விபுஸ் அவ்தீத்தீஸ்'. "வணிகனோ மறுத்தான்" என்பதில் அந்த 'ஓ' வேலையைச் செய்வது 'அவ்தெம்'. நம் 'ஓ' போலவே அதுவும் முதல் சொல்லுக்குப் பின்னால்தான் ஒட்டும், வாக்கியத்தின் முதலில் நிற்காது. 'எனிம்' என்பதும் அப்படியே.

இன்னொன்று, ஆங்கிலத்தின் பெயர்ச்சொல் குவியல். "பகைவர் வருகையின் அறிவிப்பு அச்சத்தை விளைவித்தது" என்கிற தோரணையில் பத்தி வரும். அதை அப்படியே மாற்றாதீர்கள். வீட்டில் ஒருவர் ஓடிவந்து சொன்னால் எப்படிச் சொல்வார்? "பகைவர் வந்துட்டாங்கன்னு கேட்டதும் எல்லாரும் நடுங்கிட்டாங்க." அதை லத்தீனாக்குங்கள். பெயர் குறைந்து வினை கூடினால் லத்தீன் தானாக நிமிர்ந்து நிற்கும். வீரமாமுனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தவர், தமிழுக்கு லத்தீனில் இலக்கணமும் எழுதியவர். இந்த இரண்டு மொழிக்கும் இடையே ஆங்கிலத்தை மிதிக்காத ஒரு பாதை முன்பே போடப்பட்டிருக்கிறது.

"விடை தெரிந்தும் பாதி மதிப்பெண்தான் வருகிறது"

வாசித்தறிதலுக்கு வருகிறேன். மூன்று மதிப்பெண் கேள்விக்கு ஒரே செய்தியை நீட்டி எழுதுவது முதல் தவறு. மதிப்பெண்ணை எண்ணுங்கள், அத்தனை தனிச்செய்தி பத்தியில் இருக்கும். பெயரடை, வினையடை, எண் எதையும் விட்டுவிடாதீர்கள். இரண்டாவது தவறு, கதையை ஊகித்து எழுதுவது.

ஊகத்தை முறிக்க நான் ரோம எழுத்தாளர் பிளினியை எடுத்தேன். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். அவருடைய இயற்கை வரலாறு நூலின் 12ஆம் பகுதியில் மிளகு வருகிறது. ஒரு பவுண்டு திப்பிலி 15 தெனாரியஸ் (ரோமரின் வெள்ளிக் காசு), வெண்மிளகு 7, கருமிளகு 4 என்று விலை சொல்கிறார். காரம் ஒன்றைத் தவிர அதில் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது, அதற்காக இந்தியா வரை போகிறோமே என்று ஆதங்கப்படுகிறார். பேத்தியிடம் "மிளகைப் பற்றி என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன். செட்டிநாட்டுச் சமையல் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு, பத்தியைச் சரியாகப் பார்க்காமலே "மிளகைப் புகழ்கிறார்" என்று எழுதிவிட்டது. விடைக்குப் பக்கத்தில் அதற்குச் சான்றான லத்தீன் சொல்லைக் குறிக்க வேண்டும் என்று அன்றிலிருந்து விதி வைத்தேன். சொல் கிடைக்கவில்லை என்றால் அந்த விடை உங்கள் கற்பனை.

6ஆம் பகுதியில் பாண்டிய அரசன் கடற்கரைச் சந்தையிலிருந்து வெகு தொலைவில், 'மொதுரா' என்ற உள்நாட்டு நகரில் இருந்து ஆண்டான் என்ற வரியும் இருக்கிறது. இங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடும் மதுரையை லத்தீனில் பார்த்த நாளில் அவள் அகராதியைத் தானே எடுத்தாள். பிளினியின் நடை இறுக்கமானது, அதைப் பார்த்து ஆக்கம் எழுதக் கூடாது. எழுதும் நடைக்கு சீசர், சிசரோ, லிவி.

"நேரம் போதவில்லை"

ஆக்கத்துக்கு 75 நிமிடத்தில் முதல் 10 நிமிடம் பேனா லத்தீன் எழுதக் கூடாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் தமிழ் எலும்புக்கூடு மட்டும்: யார், யாரை, எதற்காக, எச்சம் எது, 'தன்'னா 'அவன்'ஆ. பிறகு 45 நிமிடம் எழுத்து. ஒரு சொல் வராவிட்டால் இரண்டு நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்காமல், தெரிந்த சொல்லால் சுற்றிச் சொல்லிவிட்டு நகருங்கள்.

மிச்சம் 20 நிமிடம் சரிபார்க்க. மொத்தமாகப் படித்துப் பார்ப்பதில் பயனில்லை, நாம் எழுதியது நமக்குச் சரியாகத்தான் தெரியும். முதல் சுற்றில் வினைகளை மட்டும் பாருங்கள்: எழுவாயோடு எண் ஒத்துப்போகிறதா, சப்ஜங்க்டிவ் காலம் தலைமை வினையோடு பொருந்துகிறதா. இரண்டாம் சுற்றில் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் வேற்றுமைக்குக் காரணம் சொல்லுங்கள். மூன்றாவதில் பெயரடையும் பார்ட்டிசிப்பிளும், தத்தம் பெயரோடு பால், எண், வேற்றுமை மூன்றிலும் ஒத்திருக்கிறதா என்று. பழைய ஐந்தொகைக் கணக்கில் இரண்டு பக்கமும் ஒத்துவரும் வரை ஏட்டை மூட மாட்டார்கள். அந்தப் பொறுமையோடு கடைசி வாக்கியத்தில் தொடங்கி மேல்நோக்கி வாருங்கள், களைத்துப்போய் எழுதிய இடம் அதுதான்.

பேத்தி ஊருக்குக் கிளம்பும்போது அந்த நோட்டைப் பெட்டியில் வைக்கவில்லை, கைப்பையில் வைத்துக்கொண்டாள். 'சே', 'எயும்' பக்கத்தில் கடைசி இரண்டு வாரமாகப் புதிதாக ஒன்றும் ஏறவில்லை. எச்சத்தின் பக்கத்தில் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. விமானத்தில் படிக்க அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்தாள்.